கரைசல் கறுத்தால், நுரைத்தால், கந்தகம் மிதந்தால்: இரும்பு கிலேட் ஆலையில் கோளாறு கண்டறியும் வழிமுறை

வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு 15 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கிளாஸ் உலையில் (சல்பைடின் ஒரு பங்கை எரித்துக் கந்தகமெடுக்கும் உலை) தீயை நிலையாக எரியவிடுவதே பெரும்பாடு. சில ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கிறது என்றால் அந்த வழியை நினைக்கவே வேண்டாம். அங்கே கைகொடுப்பது இரும்பு கிலேட் கரைசல். கரைசலில் உள்ள ஃபெரிக் இரும்பு, சல்பைடிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு கந்தகத்தைத் திடப்பொருளாக விடுவிக்கிறது. தான் ஃபெரஸ் ஆகிறது. காற்றூட்டும் தொட்டியில் ஆக்சிஜன் அதைத் திரும்ப ஃபெரிக் ஆக்குகிறது. இரும்பு செலவாவதில்லை, சுற்றி வருகிறது. காரக் கரைசலில் அந்த இரும்பு துருவாக விழுந்துவிடாமல் பிடித்துவைப்பது கிலேட்: ஈடிடிஏ, ஹெச்ஈடிடிஏ, என்டிஏ போன்றவை.

இந்த ஆலையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன. கோபுரத்துக்குள் (வாயுவும் கரைசலும் சந்திக்கும் இடம்) வருகிற சல்பைடுக்குப் போதுமான ஃபெரிக் இரும்பு, கரைந்த நிலையில் அங்கே இருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் இரும்பையோ காரத்தையோ நுரைக்கொல்லியையோ ஊற்றினால் ஒரு கோளாறு மூன்றாகும். ஆகவே டோசிங் பம்பைத் தொடும் முன் சாம்பிள் பாட்டிலைக் கையில் எடுங்கள்.

எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடச் சற்றே கனமானது. பள்ளத்திலும் தொட்டியின் மேல்வெளியிலும் தேங்கும். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போகும், வாசனை நின்றுவிட்டதே என்று நம்பி உள்ளே போகக் கூடாது. சட்டையில் மாட்டும் அலாரம் 10 பிபிஎம்மில் ஒலிக்கட்டும். கோபுரத்தின் அடிக்கரைசலைத் தனியாளாகப் போய் எடுக்கவே கூடாது.

முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

இரண்டு இடங்களில் சாம்பிள் வேண்டும்: கோபுரத்திலிருந்து வெளியேறும் இடத்தில் ஒன்று, காற்றூட்டும் தொட்டியிலிருந்து கோபுரத்துக்குத் திரும்பிப் போகும் வழியில் இன்னொன்று. இரண்டையும் ஒரே அளவுக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வெள்ளை ஓட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கந்தகம் சற்று இறங்கும் வரை பத்து நிமிடம் விடுங்கள். தொட்டிக் கரைசல் கடுந்தேநீர் போலச் செம்பழுப்பாக இருக்க வேண்டும். கோபுரக் கரைசல் அதைவிட வெளிறி, லேசான பச்சை சாயலோடு இருக்கலாம். இரண்டும் ஒரே வெளிர் நிறமாக இருந்தால் காற்று போதவில்லை. இரண்டும் ஒரே கடும்பழுப்பாக இருந்து, கூடவே வெளியேறும் வாயுவில் சல்பைடும் அதிகம் என்றால் இரும்பில் குறையில்லை. வாயுவும் கரைசலும் சரியாகக் கலக்கவில்லை.

அடுத்து பிஹெச் (வழக்கமாக 8 முதல் 9 வரை), வெப்பநிலை (45 முதல் 55 டிகிரி செல்சியஸ்), ஓஆர்பி (கரைசலின் ஆக்சிஜனேற்றத் திறனை மில்லிவோல்ட்டில் காட்டும் எண்). ஓஆர்பியின் எண் மின்முனைக்கு மின்முனை மாறும், ஆகவே உங்கள் ஆலை நன்றாக ஓடிய நாளின் எண்தான் அளவுகோல். 50 டிகிரியில் ஏறத்தாழ 64 மில்லிவோல்ட் சரிந்தால் ஃபெரிக்–ஃபெரஸ் விகிதம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். பிளாட்டினம் முனையில் கந்தகம் படர்ந்தால் ஓஆர்பி பொய் சொல்லும். பிஹெச் 4, பிஹெச் 7 தரக்கரைசல்களில் குயின்ஹைட்ரோன் கலந்து இரண்டிலும் முனையை வைத்துப் பாருங்கள். 25 டிகிரியில் வேறுபாடு 177 மில்லிவோல்ட் அருகே வராவிட்டால் முனையைத் துடைத்துவிட்டுப் பிறகு பேசலாம்.

கடைசியாக இரும்பு. இதை இரண்டாகப் பிரித்து அளப்பதுதான் முக்கியம்: 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த கரைசலில் ஒன்று, வடிக்காமல் அமிலத்தில் கரைத்ததில் ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் இரும்பு இருக்கிறது, ஆனால் கரைசலில் இல்லை. அமிலம் ஊற்றும் முன் சாம்பிளில் நன்றாகக் காற்றடித்து, புகைக்கூண்டுக்குள் (ஆய்வகத்தில் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) வைத்து ஊற்றுங்கள். எஞ்சிய சல்பைடு இருந்தால் அமிலம் பட்டவுடன் வாயுவாகக் கிளம்பும்.

வெளியேறும் வாயுவில் சல்பைடு ஏறுகிறது

முதல் சந்தேகம் அனலைசர் மேல் இருக்கட்டும். டிடெக்டர் குழாயை (வாயு பட்டால் நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்) வைத்து அதே இடத்தில் ஒரு அளவு எடுங்கள். சாம்பிள் குழாயில் நீர் தேங்கியிருந்தால் அனலைசர் பின்தங்கியோ குறைத்தோ காட்டும். அனலைசர் மொத்தக் கந்தகத்தைக் காட்டும் வகையாக இருந்தால் கணக்கே வேறு. கார்பனைல் சல்பைடை இந்தக் கரைசல் பெரும்பாலும் தொடாது, மெர்காப்டன்களை (கந்தகம் கொண்ட கரிமச் சேர்மங்கள்) அரைகுறையாகத்தான் பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு குறைவாகவும் மொத்தக் கந்தகம் கூடுதலாகவும் இருந்தால் அது கோபுரத்தின் குற்றமில்லை.

ஏற்றம் உண்மை என்றால் கணக்கைப் போடுங்கள். மணிக்கு 5000 கன மீட்டர் வாயு (0 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்த நிலையில்), அதில் 4000 பிபிஎம் சல்பைடு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கன மீட்டர், அதாவது 0.893 கிலோமோல், சுமார் 30 கிலோ. ஒரு மோல் சல்பைடுக்கு இரண்டு மோல் ஃபெரிக் இரும்பு தேவை; 0.893 × 2 × 55.85, மணிக்கு 100 கிலோ இரும்பு. கரைந்த இரும்பு லிட்டருக்கு 0.8 கிராம் என்றால் மணிக்கு 125 கன மீட்டர் கரைசல் சுற்ற வேண்டும். இது கோபுரமும் காற்றூட்டும் தொட்டியும் தனித்தனியாக உள்ள ஆலைக்கு. அதுவும் எல்லா இரும்பும் ஃபெரிக்காக வந்து, எல்லாம் செலவாகும் என்ற கற்பனை நிலையில். நடைமுறையில் இதன் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஓடினால்தான் நிம்மதி. உங்கள் ஓட்டம் இந்தக் குறைந்தபட்சத்தை ஒட்டி இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், இல்லையேல் உறிஞ்சுக் குழாயில் கந்தகம் படிந்திருக்கும்.

ஓட்டம் சரி, ஆனால் தொட்டியிலிருந்து வரும் கரைசலே வெளிறியிருக்கிறது என்றால் காற்றைப் பாருங்கள். மேற்கண்ட சுமைக்கு வேதியியல்படி தேவையான காற்று மணிக்கு 48 கன மீட்டர்தான். ஆனால் குமிழியில் உள்ள ஆக்சிஜனில் சிறு பங்குதான் கரைசலில் இறங்கும், அதனால் பல மடங்கு ஊத வேண்டியிருக்கிறது. ப்ளோயர் வடிகட்டி அடைப்பு, ஸ்பார்ஜர் (குமிழிவிடும் குழாய்) துளையில் கந்தகம், ரப்பர் சவ்வு கிழிந்து ஒரே மூலையில் பெருங்குமிழி கொப்பளிப்பது ஆகிய மூன்றையும் தொட்டியின் மேற்பரப்பை ஐந்து நிமிடம் கவனித்தாலே பிரித்தறியலாம். நன்றாக ஓடும் தொட்டியில் மேற்பரப்பு முழுவதும் நுண்குமிழிகள் சீராக வரும்.

பிஹெச் 8க்குக் கீழே போயிருந்தால் சல்பைடு கரைசலுக்குள் இறங்குவதே மந்தமாகும். காரம் சேர்க்கலாம், ஆனால் மெல்ல. வாயுவில் கரியமில வாயு அதிகமுள்ள ஆலையில் பிஹெச்சை 9க்குத் தள்ள நினைத்தால் காரம் முழுவதையும் கரியமில வாயுவே தின்றுவிடும். அங்கே சோடியம் பைகார்பனேட் படிகமாகி விழும் தொல்லையும் உண்டு. 20 டிகிரியில் அதன் கரைதிறன் லிட்டருக்கு 96 கிராம்தான். பொட்டாசியம் பைகார்பனேட்டுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கரியமில வாயு மிகுந்த இடங்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்துவது இதனால்தான்.

கரைசல் கறுத்துவிட்டது

இது அவசரநிலை. கறுப்பு என்பது இரும்பு சல்பைடு. ஃபெரிக் தீர்ந்துபோய், மிஞ்சிய சல்பைடு ஃபெரஸ் இரும்பைக் கிலேட்டிடமிருந்து பறித்துக்கொண்டது. இந்தக் கரைசல் காற்றூட்டும் தொட்டிக்குள் போனால் காற்று அதிலுள்ள சல்பைடை வெளியே அடித்துத் தள்ளும், தொட்டியின் புகைபோக்கி வழியே நச்சு வாயு வரும். முதலில் தொட்டியின் மேல்தளத்திலிருந்து ஆட்களை இறக்குங்கள். பிறகு வாயு ஓட்டத்தைப் பாதியாக்குங்கள், முடிந்தால் முழுதும் மாற்றுவழிக்குத் திருப்புங்கள். கரைசல் சுற்று ஓடட்டும், காற்றும் ஓடட்டும். இரண்டையும் நிறுத்திவிட்டால் கறுப்புப் பொடி குழாயெங்கும் படியும்.

காற்று ஊத ஊதக் கறுப்பு மறைந்து பழுப்பு திரும்ப வேண்டும். திரும்புமா என்பதை ஆலை முழுவதிலும் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை, ஒரு பீக்கரே போதும். புகைக்கூண்டுக்குள் 500 மில்லி கறுத்த கரைசலை 50 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக்கல்லால் அரைமணி நேரம் காற்றடியுங்கள். கறுப்பு முதலில் சாம்பல் பச்சையாகும், பிறகு ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறும், கடைசியில் பழுப்பாகும். அப்படி ஆனால் கிலேட் போதுமானது. காற்றோ இரும்போதான் சுமைக்குக் குறைவு. அரைமணி கழித்தும் கறுப்புத் தூள் அடியில் கிடந்தால், அல்லது கறுப்பு போய்த் துருநிறச் சேறு வந்தால், இரும்பைப் பிடித்துக்கொள்ளக் கிலேட் இல்லை. இன்னொரு பீக்கரில் சிறிது கிலேட் சேர்த்து இதையே செய்து பாருங்கள். தெளிந்தால் விடை கையில்.

கறுப்பு வந்த ஆலையில் பில்டரையோ (கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி) கோபுரத்தையோ திறக்க நேர்ந்தால் ஒட்டியிருக்கும் படிவை ஈரமாகவே வையுங்கள். காய்ந்த இரும்பு சல்பைடு காற்று பட்டாலே சூடேறிப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் கந்தகம் வேறு இருக்கிறது.

அடியில் துருநிறச் சேறு

அளவுச் சிலிண்டரில் கந்தகம் இறங்கியபின் பாருங்கள். மஞ்சள் படிவோடு செம்பழுப்புப் பட்டை ஒன்று தெரிந்தால் அது ஃபெரிக் ஹைட்ராக்சைடு. வடித்த இரும்பு குறைந்து, மொத்த இரும்பு அப்படியே இருக்கும். இந்த இடத்தில்தான் மிகுதியும் தவறு நடக்கிறது. கரைந்த இரும்பு குறைந்துவிட்டதே என்று மேலும் இரும்பு ஊற்றுகிறார்கள். பிடித்துவைக்க ஆளில்லாத இரும்பு அதே சேறாகத்தான் விழும். சேர்க்க வேண்டியது கிலேட்.

கிலேட் ஏன் குறைந்தது? ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனோடு வினைபுரியும்போது உண்டாகும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் அதைச் சிறிது சிறிதாக வெட்டுகின்றன; 60 டிகிரிக்கு மேல் சிதைவு இன்னும் விரையும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கரைசலில் கொஞ்சம் தயோசல்பேட் (சல்பைடு கந்தகமாகாமல் திசைமாறி உண்டாகும் உப்பு) இருந்தால் அது அந்தத் தனியுறுப்புகளைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கிலேட்டைக் காக்கும். புதிதாக நிரப்பிய கரைசலில் கிலேட் வேகமாகக் குறைவதற்கும், தயோசல்பேட்டை முழுதாக வெளியேற்றிவிட்ட ஆலையில் கிலேட் செலவு ஏறுவதற்கும் இதுவே காரணம்.

சேறு ஒரே குழாயில் மட்டும் திரள்கிறதா? காரம் விழும் இடத்தைப் பாருங்கள். 50 விழுக்காட்டுக் காரம் ஓட்டம் மெதுவான மூலையில் சொட்டினால் அந்த இடத்தில் மட்டும் பிஹெச் எகிறி இரும்பு விழும். காரத்தை நீர்த்து, ஓட்டம் வேகமான குழாயின் நடுவில் விடுங்கள்.

அழுத்த வேறுபாடு ஏறுகிறது

வாயு ஓட்டம் கூடினாலும் அழுத்த வேறுபாடு கூடும், அதனால் எண்ணை மட்டும் பார்த்து அடைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். பேக்கிங் (கோபுரத்துக்குள் நிரப்பிய துண்டுகள்) உள்ள கோபுரத்தில் அழுத்த வேறுபாட்டை ஓட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து நாள்தோறும் குறித்துவையுங்கள். அந்த விகிதம் ஏறினால்தான் அடைப்பு. ஸ்பார்ஜர் உள்ள கோபுரத்தில் முதலில் கரைசல் உயரத்தின் பங்கைக் கழிக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல், குமிழி நிறைந்த கரைசலுக்குச் சற்றுக் குறைவு.

கந்தகம் முதலில் பிடிப்பது ஈரமும் உலர்வும் சந்திக்கும் இடத்தில்: வாயு உள்ளே நுழையும் வாய், கரைசல் சரியாக நனைக்காத பேக்கிங் மூலை, ஸ்பார்ஜர் குழாயின் உட்புறம். வாயு ஓட்டம் வடிவமைப்பின் கீழ்வரம்பைத் தாண்டி இறங்கினால் கரைசல் துளை வழியே ஸ்பார்ஜருக்குள் ஏறி அங்கேயே கந்தகமாகும். ஆகவே சுமை குறையும் நாள்களில் நைட்ரஜன் கொடுத்து ஓட்டத்தைத் தாங்குங்கள். நுழைவாயை ஷிஃப்டுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரால் அலசுங்கள். அந்த நீர் கரைசலில்தான் சேர்கிறது, மொத்த நீர்க் கணக்கில் அதையும் எழுதுங்கள்.

ஸ்லரி (கந்தகத் துகள் கலந்த குழம்பு) ஓடும் குழாய்களில் வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போக விடாதீர்கள். கந்தகம் சேரும் கூம்பின் அடியில் அது பாலம் போலக் கட்டிக்கொண்டால் சுத்தியலால் தட்டாமல் குறுகிய காற்றுவீச்சுகள் கொடுத்து உடையுங்கள்.

நுரையும் மிதக்கும் கந்தகமும்

இரண்டும் சேர்ந்து வந்தால் திரவ ஹைட்ரோகார்பன் உள்ளே வந்திருக்கிறது என்றே முதலில் கொள்ளுங்கள். எண்ணெய் பூசிய கந்தகத் துகள் நனையாது. குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, தொட்டியில் ஆடை போலத் திரளும். ஒரு கரண்டி எடுத்து விரலுக்கிடையில் (கையுறையோடுதான்) நசுக்கிப் பாருங்கள். வழவழப்பாக இழுத்தால் எண்ணெய். மணல்போல நொறுங்கினால் நனைப்பான் (கந்தகத் துகளை நனைய வைக்கும் பொருள்) குறைவு.

எண்ணெய்க்குத் தீர்வு கோபுரத்துக்கு முன்னே இருக்கிறது: பிரிப்பானின் வடிகால் அடைத்ததா, இணைவிப்பான் (நுண்துளிகளைச் சேர்த்துப் பிடிக்கும் வடிகட்டி) கார்ட்ரிட்ஜ் கிழிந்ததா, கம்ப்ரசர் எண்ணெய் தாண்டி வருகிறதா? கரைசலின் வெப்பநிலையை உள்ளே வரும் வாயுவைவிடச் சில டிகிரி கூடுதலாக வையுங்கள், வாயுவில் ஆவியாக இருப்பது கோபுரத்துக்குள் குளிர்ந்து வடியாது. மெர்காப்டன் உள்ள வாயுவில் டைசல்பைடு எண்ணெய் கரைசலிலேயே உருவாகும். அதை மேலிருந்து வழித்தெடுப்பது தவிர வழியில்லை.

நனைப்பானின் அளவைச் சிலிண்டரில் கண்டறியுங்கள். 0.5 விழுக்காட்டு நனைப்பான் கரைசல் தயார்செய்யுங்கள். ஒரு லிட்டர் சாம்பிளில் அதில் ஒரு மில்லி விட்டால் 5 பிபிஎம். 0, 5, 10, 15 என்று நான்கு சிலிண்டர்கள். தலைகீழாகப் பத்துமுறை கவிழ்த்து வைத்து, அரைமணியில் எதில் மேற்பரப்பு சுத்தமாகி அடிப்படிவு இறுகுகிறதோ அதுவே அளவு. அதைத் தாண்டினால் நனைப்பானே நுரையை உண்டாக்கும். சிலிக்கோன் நுரைக்கொல்லியை அள்ளி ஊற்றினால் நுரை இறங்கும், கந்தகம் மிதக்கத் தொடங்கும்.

கந்தகம் இறங்கவே மாட்டேன் என்கிறது

மேற்பரப்பில் ஒன்றும் மிதக்கவில்லை, ஆனால் கரைசல் நாள்முழுவதும் பால்போலக் கலங்கியிருக்கிறது. துகள் மிக நுண்ணியதாக இருக்கிறது. கரைசல் குளிர்ந்திருக்கலாம், பம்பு அரைத்திருக்கலாம், அல்லது பில்டரை அளவுக்கு மீறி ஓட்டிக் கந்தகம் முழுவதையும் எடுத்துவிட்டிருக்கலாம். பழைய துகள்கள் கொஞ்சம் சுற்றில் இருந்தால்தான் புதியது அவற்றின்மேல் வளரும். பில்டரைத் தொடர்ந்து ஓட்டாமல், அடிஸ்லரி 10 விழுக்காடு அளவுக்குச் செறிந்தபின் ஓட்டிப் பாருங்கள். கரைசலின் அடர்த்தி எண்ணையும் பாருங்கள். உப்பு ஏறினால் அடர்த்தியும் பிசுக்கும் கூடி எதுவும் சுலபமாக இறங்காது.

காரச் செலவு ஏறுகிறது, அடர்த்தியும் ஏறுகிறது

இது தயோசல்பேட். கோபுரத்தில் வினைமுடியாத ஹைட்ரோசல்பைடு காற்றோடு சந்தித்தால் கந்தகமாகாமல் தயோசல்பேட்டாகிறது. பிஹெச் 9க்கு மேலே போனாலும், வெப்பம் கூடினாலும், வாயுவிலேயே ஆக்சிஜன் இருந்தாலும் இது பெருகும். வாயுவில் கந்தக டைஆக்சைடு வந்தாலும் உப்பு ஏறும், காரம் குறையும்.

முன்சொன்ன ஆலையில் 5 விழுக்காடு சல்பைடு இப்படித் திசைமாறுகிறது என்று வைத்தால், நாளுக்கு 60 கிலோ தயோசல்பேட்டு அயனி உருவாகும், அதற்கு 43 கிலோ சோடியம் ஹைட்ராக்சைடு போகும். கிடைக்கும் கந்தகம் நாளுக்கு 650 கிலோ. கேக்கில் (பில்டரில் தங்கும் ஈரக் கந்தகம்) 60 விழுக்காடு திடப்பொருள் என்றால் அதனோடு சுமார் 430 லிட்டர் கரைசல் வெளியேறும். தயோசல்பேட்டை லிட்டருக்கு 50 கிராமில் நிறுத்த வேண்டுமானால் நாளுக்கு 1.2 கன மீட்டர் வெளியேற வேண்டும். மீதி 0.77 கன மீட்டரை நாம்தான் திறந்துவிட வேண்டும், அதோடு கன மீட்டருக்கு 800 கிராம் இரும்பும் அதற்குரிய கிலேட்டும் போகும். கேக்கை நன்றாகக் கழுவினால் இரும்பு மிஞ்சும். உப்பும் உள்ளேயே மிஞ்சும். ஆக, தயோசல்பேட் உருவாவதைத் தடுக்காமல் கிலேட் செலவைக் குறைக்க முடியாது. கோபுரத்தை விட்டு வெளியேறும் கரைசல், காற்றைச் சந்திக்கும் முன் வினைமுடிக்கச் சில நிமிடம் தங்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாமதத் தொட்டியின் அடியில் கந்தகம் நிரம்பினால் தங்கும் நேரம் சுருங்கும். பிஹெச்சை 8.2 அருகே இறக்கிப் பார்ப்பதுதான் செலவில்லாத முதல் முயற்சி.

நின்றிருந்த ஆலையில் அழுகல் வாடை

காற்றில்லாமல் தேங்கிய கரைசலில் பாக்டீரியா கிலேட்டைத் தின்னும். சல்பேட்டைச் சல்பைடாக்கும் வகையும் வளர்ந்து, வாயு இல்லாமலேயே கரைசல் கறுக்கும். நிறுத்தினாலும் ப்ளோயரைக் குறைந்த அளவில் ஓடவிடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியைத் தினமும் கொஞ்சமாக விடுவதைவிட, வாரம் ஒருமுறை முழு அளவில் ஒரே வீச்சாகக் கொடுப்பது பலன் தரும்.

உருக்கியில் கந்தகம் கறுக்கிறது, குழாய் அடைக்கிறது

கழுவாத கேக்கிலுள்ள உப்பும் கிலேட்டும் சூட்டில் கருகும், இரும்பு சல்பைடு நீருக்கும் உருகிய கந்தகத்துக்கும் நடுவே சேறாகத் தங்கும். கேக்கை வெந்நீரால் கழுவிவிட்டு அனுப்புங்கள். உருக்கியை 130 முதல் 140 டிகிரியில் வையுங்கள். 135 டிகிரியில் நீரின் ஆவியழுத்தமே 3.1 பார் (கேஜ் எண் அல்ல, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து), உருக்கியின் அழுத்தம் அதற்கு மேல் இல்லாவிட்டால் நீர் கொதித்து இடைப்படலம் கலைந்துவிடும். கந்தகக் குழாயின் உறைக்கு 3.5 பார் கேஜ் நீராவி, அதாவது 148 டிகிரி, போதும். அடைப்பு வந்தால் சூட்டைக் கூட்டத்தான் கை போகும். 160 டிகிரியைத் தாண்டினால் கந்தகம் பாகாகி, பிசுக்கு பல ஆயிரம் மடங்கு ஏறும். திறந்திருந்த குழாயும் அடைத்துக்கொள்ளும். நீராவி அழுத்தம் 5 பார் கேஜைத் தாண்டியிருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு, நீராவி டிராப்புகளை (நீராவி குளிர்ந்து உண்டாகும் நீரை வெளியேற்றும் வால்வுகள்) ஒவ்வொன்றாகச் சோதித்து, குளிர்ந்து கிடக்கும் துண்டைக் கண்டுபிடியுங்கள்.